மின்மண்டலமும் மின்னழுத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

பௌதிகவியல் பயிலும் மாணவர், மின்மண்டலச் செறிவு அழுத்தப் படித்திறனின் மறைப்பெறுமானத்துக்குச் சமன் என்னும் விதியைப் பரீட்சையிற் பிழையின்றி எழுதிவிடுவர். ஆயின், அவ்விதியில் இணைந்துள்ள இரு கருத்துக்களும் ஒருவர் சிந்தையில் ஒரே காலத்திற் பிறந்தனவல்ல. வெவ்வேறு வழிகளில் வளர்ந்து பின்னரே அவை ஒன்றுகூடின. அவ்வரலாற்றை அறியாதார்க்கு விதி வெறும் மனனப்பாடமாகவே நின்றுவிடும்.

1785 ஆம் ஆண்டில், ஏற்றம்பெற்ற இரு பொருள்களுக்கிடையேயுள்ள விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமானது எனப் பிரான்சிய அறிஞர் கூலோம் முறுக்குத் தராசு கொண்டு காட்டினார். ஏற்றங்கள் பலவாயின், ஒவ்வொன்றின் விசையையும் பருமனோடு திசையும் நோக்கிக் கூட்டல் வேண்டும், அது பெருந்தொல்லை. புவியீர்ப்பை ஆராய்ந்த இலகிராஞ்சு, இலாப்பிளாசு என்போர் இத்தொல்லை நீங்கும் வழியை முன்னரே கண்டிருந்தனர். திசையற்ற சார்பு ஒன்றை முதலிற் கணித்து, அது இடத்துக்கிடம் மாறும் வீதத்திலிருந்து விசையைப் பெறுவதே அவ்வழி. 1812 ஆம் ஆண்டளவிற் புவசோன் அதனை மின்னியலில் எடுத்தாண்டார்.

அச்சார்புக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டி, அதன் பயனை விரித்துரைத்தவர் யோர்ச்சு கிறீன். இவர் இங்கிலாந்தின் நொற்றிங்காம் நகரில் வெதுப்பகம் நடத்தியவரின் மைந்தர், காற்றாலையில் மாவரைத்தவர். பள்ளியிற் பயின்றது ஏறத்தாழ ஓராண்டே. 1828 இல் அவர் வெளியிட்ட நூலை முன்பணம் செலுத்தி வாங்கியோர் ஐம்பத்தொருவர். அவருள் அதனைப் படித்து விளங்கியோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். நாற்பதாம் வயதிற் கேம்பிறிச்சுப் பல்கலைக்கழகம் புகுந்த கிறீன், 1837 இற் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1841 இற் புகழின்றி மறைந்தார்.

மற்றைக் கருத்தாகிய மண்டலம், புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின் விஞ்ஞானியாகிய மைக்கேல் பரடேயின் சிந்தையில் முளைத்தது. உயர்கணிதம் அறியாத அவர், ஏற்றங்களைச் சூழ்ந்த வெளியெங்கும் விசைக்கோடுகள் பரந்திருப்பதாகக் கண்டார். கிறீனின் நூலை 1845 இற் பெற்ற உவில்லியம் தொம்சன் அதனை மறுபதிப்பாக வெளிவரச் செய்தார்; பரடேயின் கருத்துக்கள் கணித முறைக்கு முரணானவையல்ல எனவும் காட்டினார். மாக்சுவெல் 1873 இல் வெளியிட்ட பெருநூலில் இரு வழிகளும் ஒருமைப்பட்டன.

இனி, இவ்விரண்டின் தொடர்பை நோக்குவோம். அழுத்தம் மலையின் உயரத்தை ஒத்தது. மண்டலம் அதன் சரிவை ஒத்தது. உயரத்துக்குத் திசையில்லை, சரிவுக்கோ திசையுண்டு. நேரேற்றம் உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தத்தை நோக்கித் தள்ளப்படுதலையே மறைக்குறி சுட்டுகின்றது. 3 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரு சமாந்தரத் தட்டுக்களிடையே 12 உவோற்று அழுத்த வேறுபாடு இருப்பின், மண்டலச் செறிவு மீற்றருக்கு 4000 உவோற்று ஆகும். இடைவெளியை இருமடங்காக்கின், அழுத்த வேறுபாடு மாறாதிருப்பினும் செறிவு பாதியாகும்.

அழுத்தம் பூச்சியமாயின் மண்டலமும் பூச்சியம் என மயங்குவார் பலர். உயரம் வேறு, சரிவு வேறு என உணர்ந்தார்க்கு அம்மயக்கமில்லை. சமமான நேர், மறை ஏற்றங்களின் நடுப்புள்ளியில் அழுத்தம் பூச்சியமாயினும் மண்டலம் உண்டு. ஏற்றம்பெற்ற உட்குழிந்த உலோகக் கோளத்தினுள்ளே மண்டலம் இல்லையாயினும் அழுத்தம் உண்டு. அது மலையுச்சியிலுள்ள சமவெளி போன்றது. பரடே 1836 இல், வலிய மின்னேற்றம் ஊட்டப்பெற்ற பெருங்கூண்டினுள் இருந்து, அங்கு மின்விளைவு யாதும் இன்மையைக் கண்டறிந்தார்.

கிறீனுக்கு உலகம் காலந்தாழ்த்தே கடன் தீர்த்தது. 1993 இல், நியூற்றனின் கல்லறை அமைந்துள்ள உவெசுமினிசுத்தர் தேவாலயத்தில் அவருக்கும் நினைவுக்கல் பதிக்கப்பட்டது. பல்கலைக்கழக வாயிலுக்குப் புறத்தே நின்று, பகலில் தொழிலும் இரவில் நூலுமாகக் கற்ற எவர்க்கும் அவர் வரலாறு ஊக்கந்தருவதாகும். எம் மாணவர் அவ்விதியை எழுதுமிடத்து, ஆலைக்காரர் ஒருவரும் புத்தகம் கட்டிய ஒருவரும் அதனுள் உறைவதை ஒருகணம் நினைவாராக.