கைபேசி ஆன்டெனா

மின்னோட்டத்தை வானலையாகவும், வானலையை மறுபடி மின்னோட்டமாகவும் மாற்றும் உலோகப் பகுதி. கலைச்சொல் அகராதிகள் இதை அலைவாங்கி என்றும் அலைக்கம்பம் என்றும் எழுதும். இன்றைய கைபேசிக்கு இரண்டும் பொருந்தா. அது வாங்குவதோடு நிற்பதில்லை, அனுப்பவும் செய்கிறது. கம்பமோ கண்ணில் படாமல் போய்க் கால் நூற்றாண்டு ஆகிறது. போனின் தலைமேல் நின்றிருந்த ஆன்டெனா பிறகு அதன் வயிற்றுக்குள் போனது. கடைசியில் போனின் உடம்பாகவே ஆகிவிட்டது. அந்த உடம்பைச் செதுக்கும் வேலை பழைய தருமபுரி மாவட்டத்து மண்ணுக்கு வந்து சேர்ந்திருப்பதால், இக்கட்டுரை அங்கிருந்தே இந்த வரலாற்றைப் பார்க்கிறது.

தருமபுரிப் பக்கம் ஆன்டெனாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் ‘டவர்’ பற்றித்தான். வத்தல்மலையிலோ சித்தேரி மலையிலோ பேச்சு பாதியில் அறுந்தால் “டவர் இல்ல” என்பார்கள். கிடைத்துவிட்டால் “டவர் வந்துடுச்சு”. குற்றம் முழுவதும் கோபுரத்தின் தலையில் விழும். ஆனால் இந்த இணைப்பில் பலவீனமான முனை கையில்தான் இருக்கிறது. டவர் பல பத்து வாட்டில் பேசும். 4ஜி போன் பேசுவது வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாட்டில். திரையில் தெரியும் கட்டங்கள், டவர் சொல்வது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். போன் சொல்வது டவருக்குக் கேட்கிறதா என்பது அந்தக் கட்டங்களில் தெரியாது. கட்டம் நிறைய இருந்தும் “நீ பேசறது கேக்கல” என்று எதிர்முனையில் சலித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீளக் கணக்கு

ஆன்டெனாவின் நீளம் வடிவமைப்பாளரின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. அலைநீளத்தில் கால் பங்கு என்பது பழைய கணக்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8 சென்டிமீட்டர், நம் கணக்கில் நாலு விரல்கடை. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு விரல்கடை போதும். 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு ஒரு விரல்கடை. ஆனால் 700 மெகாஹெர்ட்ஸுக்கு 11 சென்டிமீட்டர் வேண்டும். மலை, மரம், சுவர் என்று பாராமல் தொலைவு போவது இந்தத் தாழ்ந்த அலைகள்தான். மலையூருக்கு அதிகம் தேவைப்படும் அலைக்கே போனுக்குள் அதிக இடம் வேண்டியிருக்கிறது.

ஆன்டெனாவைச் சுருக்கினால் என்ன இழக்க நேரும் என்பதை 1948இல் பொறியாளர் லான் சூ கணக்கிட்டுக் காட்டினார். சிறிய ஆன்டெனாவில் திறனும் பட்டை அகலமும் ஒருசேரக் கிடைக்கா. ஒன்றை விட்டுத்தான் மற்றதைப் பிடிக்க வேண்டும். அவருக்குப் பின் வந்த வடிவமைப்பாளர்கள் எல்லோரும் அந்த எல்லையோடு பேரம் பேசியவர்களே. அதைத் தாண்டியவர் எவரும் இல்லை.

கால் அலைக் கம்பி தனியாக வேலை செய்வதும் இல்லை. அதற்கு எதிர்ப்பாதியாக நிற்பது போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு. தாழ்ந்த அலைகளில் போர்டும் சட்டகமும் சேர்ந்தே அலையை வெளியேற்றுகின்றன. ஆக, ஆன்டெனா இருப்பது இந்த மூலையில் என்று விரலால் காட்டுவது ஒரு வசதிக்காகத்தான்.

கொம்பு இருந்த காலம்

மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று பேசிய முதல் கைபேசியும், 1983இல் 3,995 டாலருக்கு விற்பனைக்கு வந்த டைனாடாக் 8000எக்ஸும் தடித்த ரப்பர் கொம்போடு இருந்தன. 1996இல் வந்த ஸ்டார்டாக்கில் ஆன்டெனாவை மேலே இழுத்துவிட்டுப் பேச வேண்டும். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்ததுதான் முதல் கைபேசி அழைப்பு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு அது வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 2000களின் தொடக்கத்தில் சிடிஎம்ஏ போன்கள் பலவற்றில் இழுக்கும் கம்பி இருந்தது. தொலைபேசிக் கம்பி இழுக்க முடியாத அளவு மலைப்பாங்கான ஊர்களுக்கு பிஎஸ்என்எல்லின் கம்பியில்லா டபிள்யூஎல்எல் போன் போனது. வீட்டு மேசையில் ஆன்டெனாவை நிமிர்த்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும்.

கொம்பை உள்ளே தள்ளியது நோக்கியா அல்ல. 1996இலேயே ஹாகனுக் நிறுவனத்தின் குளோபல்ஹாண்டியில் வெளியே ஆன்டெனா கிடையாது. ஆனால் உலகத்தைப் பழக்கியது நோக்கியாதான். 1998இல் வந்த 8810 பணக்காரர்களின் பொருள். 1999இல் வந்த 3210 எல்லோர் பையிலும் ஏறியது. ஏரியல் இல்லாத போனில் சிக்னல் எடுக்குமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

உள்ளே போன ஆன்டெனாவின் வடிவம் கவிழ்த்துப்போட்ட ஆங்கில எஃப் எழுத்து. 1950களின் இறுதியில் ஹார்வர்டில் ரோனால்ட் கிங்கும் உடனுழைத்தோரும் ஏவுகணைகளுக்காக அதை உருவாக்கினார்கள். ஏவுகணைக்கு வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே நிபந்தனை சட்டைப் பைக்கும் பொருந்தியது. கம்பியைத் தட்டையான தகடாக்கிக் கையடக்கக் கருவிக்குள் வைக்கும் வகையை 1987இல் ஜப்பானின் என்டிடி ஆய்வாளர்கள் தாகாவும் சுனேகாவாவும் ஆராய்ந்து எழுதினர். நீளமான பாதையை மடித்து மடித்துச் சிறு பரப்பில் அடக்குவது, ஒரே தகட்டில் இரண்டு மூன்று பட்டைகளுக்கு ஏற்பக் கீறல் போடுவது என்று அதன்மேல் வளர்ந்ததே பின்னாளைய கலை.

இந்த உள்ளடங்கிய ஆன்டெனாவின் காலத்தில்தான் தமிழ்நாடு உற்பத்திக்குள் நுழைந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியது. அதே வளாகத்தில் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்களும் அமைந்தன. ஆன்டெனாவுக்குப் பெயர்போன லேர்ட் டெக்னாலஜிஸ் அவற்றுள் ஒன்று. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது.

மூடியைத் திறந்தால்

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் சர்வீஸ் கடை எதிலும் அரை மணி நேரம் நின்றால் போதும், பாடப்புத்தகம் தராத பாடம் கிடைக்கும். பிளாஸ்டிக் முதுகுள்ள நடுத்தர விலைப் போன் ஒன்றைச் சூடுகாட்டி, மெல்லிய தகட்டை விளிம்பில் ஓட்டி, முதுகைக் கழற்றுகிறார்கள். கீழ்ப்பகுதியில் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் பித்தளை நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் தெரியும். சிலவற்றில் அது ஒட்டப்பட்ட மெல்லிய படலம். சிலவற்றில் பிளாஸ்டிக்கின் மேலேயே லேசரால் கோடு கீறி, கீறிய இடத்தில் மட்டும் செம்பு படியவைத்திருப்பார்கள். அந்த பிளாஸ்டிக்கில் உலோகச் சேர்மம் முன்கூட்டியே கலந்திருக்கும். கோட்டின் முனையில் சிறு பொட்டு. போர்டிலிருந்து எழும் தங்கமுலாம் பூசிய கொக்கி போன்ற ஸ்பிரிங் அந்தப் பொட்டை முட்டிக்கொண்டு நிற்கும். மூடியை அழுத்தி மூடும்போது ஏற்படும் அந்த முட்டல்தான் இணைப்பு; பற்றவைப்பு எதுவும் இல்லை.

மேலே இருக்கும் மெயின் போர்டிலிருந்து கீழே இருக்கும் சார்ஜிங் போர்டுவரை பேட்டரியின் ஓரமாக ஓடும், நூலைவிடச் சற்றே தடித்த வயர் ஆன்டெனா கேபிள். இருமுனையிலும் சட்டைப் பொத்தான் போல அழுத்தி மாட்டும் குமிழ். டிஸ்ப்ளே மாற்றிவந்த மறுநாள் “அண்ணே, டவரே நிக்க மாட்டேங்குது” என்று திரும்பி வரும் போன்களில் முதலில் பார்க்கப்படுவது இந்தக் குமிழ்தான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டால் சரியாக மாட்டிவிட்டது என்று பொருள்.

முக்கிய ஆன்டெனாவைக் கீழே வைப்பதற்குத் தலையும் ஒரு காரணம். பேசும்போது மேல்முனை காதருகே, மூளைக்கு அருகே இருக்கிறது. கீழ்முனை சற்று விலகி நிற்கிறது. உடல் ஈர்க்கும் கதிர்வீச்சு ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. போனில் *#07# அழுத்தினால் அந்தப் போனுக்குரிய அளவு திரையில் வரும். கீழே வைத்ததில் வேறொரு தொல்லை: உள்ளங்கை அதை மூடிவிடுகிறது. அதனால் மேலே இன்னொரு ஆன்டெனா. எது நன்றாகக் கேட்கிறதோ அதற்குப் போன் மாறிக்கொள்ளும். இவற்றோடு வைஃபைக்கு, ஜிபிஎஸ்ஸுக்கு, காசு கட்டத் தட்டும் என்எஃப்சிக்கு என்று ஒவ்வொன்றும் தன் இடத்தைக் கேட்கிறது. எஃப்எம் வானொலிக்கு மட்டும் உள்ளே இடம் கொடுக்கவே முடியவில்லை. அந்த அலையின் நீளம் 3 மீட்டர். கால் பங்கே முக்கால் மீட்டர். ஆகவே இயர்போன் வயரையே ஆன்டெனாவாகக் கொண்டார்கள். தருமபுரி வானொலியைப் போனில் கேட்க விரும்பியவர்கள், ஸ்பீக்கரில் வைத்தாலும் இயர்போனைச் செருகித்தான் ஆக வேண்டியிருந்தது.

உலோகச் சட்டகம்

பிளாஸ்டிக் உடம்பு இருந்தவரை எல்லாம் எளிது. அலை அதை ஊடுருவிப் போகும். உலோகம் அப்படி விடாது. விலை உயர்ந்த போன் என்றால் கையில் உலோகமாகக் கனக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் ஆன்டெனாக்காரர்கள் பாடு திண்டாட்டமானது. 2007இன் முதல் ஐபோன் தன் அலுமினிய முதுகின் கீழ்ப்பகுதியைக் கறுப்பு பிளாஸ்டிக்காக விட்டு ஒருவாறு சமாளித்தது.

2010 ஜூனில் வந்த ஐபோன் 4 வேறு வழியில் போனது. தடுக்கும் உலோகத்தையே ஆன்டெனாவாக்கிவிட்டால் என்ன என்று கேட்டது. சுற்றியிருந்த துருப்பிடிக்காத எஃகுச் சட்டத்தை வெட்டி, ஒரு துண்டை வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ்ஸுக்கும் இன்னொன்றைத் தொலைபேசி அலைக்கும் கொடுத்தார்கள். துண்டுகளுக்கு இடையே மெல்லிய கறுப்புக் கோடு. இடது கையில் பிடித்துப் பேசியவர்களின் உள்ளங்கை கீழ் இடது மூலைக் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது. ஈரத்தோல் மின்சாரத்தைக் கடத்தும். பிரிந்திருந்த இரண்டும் ஒட்டின, சிக்னல் சரிந்தது. ஜூலை 16 அன்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் செய்தியாளர்களைக் கூட்டி, எல்லோருக்கும் ரப்பர் உறை இலவசம் என்று அறிவித்தார். சிரிப்புக்கிடமான முடிவுதான். ஆனால் யோசனை தோற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 4எஸ், கை எந்த ஆன்டெனாவைக் கெடுக்கிறதோ அதை விட்டு மற்றதில் பேசக் கற்றுக்கொண்டது. இன்று விலை உயர்ந்த போன்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன.

இவ்வகைப் போனின் பக்கச் சட்டத்தில் காணும் கோடுகளை அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஆன்டெனாவை ஆன்டெனா ஆக்குவதே அந்தக் கோடு. உலோகம் முன்பும் இருந்தது. எங்கே அறுத்தார்கள், எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பதுதான் எந்த அலைக்கு அது இசையும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அறுத்த உலோகம் துண்டு துண்டாகிவிடாமல் பிடித்துவைப்பது பிளாஸ்டிக்கின் பொறுப்பு. அலுமினியத்தை அமில, காரத் தொட்டிகளில் முக்கி எடுத்தால் அதன் பரப்பில் நானோமீட்டர் அளவில் குழிகள் விழும். உருகிய பிசினை அழுத்திச் செலுத்தும்போது அது குழிகளுக்குள் புகுந்து வேர்விட்டதுபோல் இறுகும். இம்முறையை வளர்த்தது ஜப்பானின் தாய்சேய் ப்ளாஸ். வேலை வரிசை சுவையானது. முதலில் அலுமினியத்தைச் சிஎன்சி எந்திரத்தில் குடைவார்கள். துண்டுகளை இணைக்கும் சிறு உலோகப் பாலங்களை மட்டும் விட்டுவைப்பார்கள். பிசின் இறுகிய பிறகு பாலங்களையும் சீவி எடுப்பார்கள். அந்த நொடியில்தான் சட்டகம் ஆன்டெனாக்களாகப் பிரிகிறது. பிறகு மணல் போன்ற நுண்துகள் வீசி மெருகு, அமிலத் தொட்டியில் ஆனோடைசிங், சாயம். ஆனோடைசிங் படிய வைக்கும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே உள்ளே ஸ்பிரிங் முட்ட வேண்டிய பொட்டுகளில் மட்டும் லேசரால் அதைச் சுரண்டி, உலோகத்தை மறுபடி வெளிக்கொணர வேண்டும்.

ஓசூர்

சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் ஓசூரும் இருந்தது. 2004 பிப்ரவரி 9 முதல் ஓசூர் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், கடிகார ஆலையை அமைத்தது அன்றைய தருமபுரி மாவட்டத்து ஓசூரில்தான். மில்லிமீட்டரைப் பல நூறாகப் பகுத்து அளக்கும் உலோக வேலை இந்தப் பகுதிக்கு அப்போதே பழக்கம்.

2020இல் உருவான டாடா எலக்ட்ரானிக்ஸ், ஓசூரை அடுத்த நாகமங்கலம், உத்தனப்பள்ளிப் பகுதியில் ஐபோனின் உலோகக் கூடுகளைச் செய்யும் ஆலையை எழுப்பியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் 6,000 பேருக்குப் பயிற்சி தரப்பட்டதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கூறினார். 2024 செப்டம்பர் 28 அன்று அங்கே நேர்ந்த பெரும் தீவிபத்தால் உற்பத்தி நின்றது. ஐபோன் ‘இங்கே தயாராகிறது’ என்று பொதுவாகச் சொல்லும்போது நினைவுக்கு வருவது திருகு முடுக்கும் வேலை. கூட்டைச் செய்வது வேறு ரகம். அதன் வெளிச்சுவரே ஆன்டெனா என்பதால், சட்டத்தின் இடைவெளி இம்மியளவு பிசகினாலும் எங்கோ ஒருவருக்கு டவர் கிடைக்காது.

சட்டமே ஆன்டெனா என்ற இந்தக் கணக்கை 5ஜியின் உச்சப் பட்டைகள் மறுபடி கலைத்தன. 26 கிகாஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கு 3 மில்லிமீட்டர்கூட இல்லை. பொடி ஆன்டெனாக்கள் பலவற்றை ஒரே சில்லில் வரிசையாக அடுக்கி, அலையை ஒரு திசைக்குக் குவிக்கிறார்கள். உலோகச் சட்டம் இதற்கு உதவாது. அதில் ஒரு சன்னல் வெட்ட வேண்டும். 2020இன் ஐபோன் 12 முதல் அமெரிக்காவில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களின் பக்கவாட்டில், நீள்வட்டமாக அந்தச் சன்னலைக் காணலாம். இந்தியாவில் 2022 ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் விற்கப்பட்டாலும், இங்கே விற்கும் ஐபோனில் அது இல்லை. அமெரிக்கக் கடைகளுக்கான ஐபோன்களில் பெரும்பங்கு 2025 முதல் இந்தியாவிலிருந்தே போகிறது. தருமபுரிக் கடையில் விற்கும் அதே மாடலில் சன்னல் இருக்க வேண்டிய இடம் வெறும் உலோகம்.