நாக்சோஸ் தீவின் சிற்றூர்களும் நடைவழிகளும்

நாக்சோஸ் கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஒரு தீவு ஆகும். ஏஜியன் கடலில் உள்ள சைக்கிளாடிஸ் தீவுக் கூட்டத்தில் இதுவே மிகப் பெரியது. இதன் பரப்பளவு சுமார் 430 சதுர கிலோமீட்டர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 18,000 மக்கள் வாழ்ந்தனர். சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் துறைமுக நகரத்தையும் மேற்குக் கரையின் மணற்பரப்புகளையும் மட்டுமே கண்டு திரும்புகின்றனர். தீவின் உட்பகுதியில் மலைச் சிற்றூர்கள் பல உள்ளன. தார்ச்சாலைகள் வருவதற்கு முன்பு அவற்றை இணைத்த கற்பாதைகள் இன்று நடைப்பயணிகளுக்கு உரிய வழிகளாக மாறியுள்ளன.

நிலமும் நீரும்

அண்டைத் தீவுகள் பலவும் வறண்டவை. நாக்சோஸ் அவ்வாறு அன்று. நடுவில் உயர்ந்துள்ள மலைத்தொடர் முகில்களைத் தடுப்பதால் இங்கு ஊற்றுகளும் வேளாண் நிலங்களும் மிகுதி. தொடரின் உச்சியான சாஸ் மலை 1,000 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம் கொண்டது. சைக்கிளாடிஸ் தீவுகளிலேயே மிக உயர்ந்த இடம் இதுவே. சாஸ் என்பது சியுஸ் கடவுளின் பெயர். அக்கடவுள் இத்தீவில் வளர்ந்ததாகத் தொன்மக் கதை உண்டு.

கோடையில் மழை அனேகமாக இல்லை. சூலை, ஆகத்து மாதங்களில் மெல்தெமி எனப்படும் வடகாற்று வலுவாக வீசும். நடப்பதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் இறுதிக்குப் பிந்தைய வாரங்களும் ஆகும். இளவேனிலில் சரிவுகள் எங்கும் காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும்.

கல்தெரிமிப் பாதைகள்

கல் பாவிய பழைய பாதை கிரேக்கத்தில் கல்தெரிமி எனப்படுகிறது. இது துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். கழுதையும் கோவேறு கழுதையும் சுமையுடன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அகன்ற, தாழ்வான படிகளாக இவற்றை அமைத்தனர். நாக்சோசில் பளிங்குக்கல் மலிவாகக் கிடைப்பதால் பல இடங்களில் பாதையே பளிங்கினால் ஆனது. மழைக்குப் பின் அது வழுக்கும் என்பதை நடப்போர் நினைவிற் கொள்ள வேண்டும்.

பாதையின் இருபுறமும் சாந்து இன்றி அடுக்கிய கற்சுவர்கள் உள்ளன. இவை எல்லையைக் காட்டுவதோடு, சரிவில் வெட்டிய அடுக்கு வயல்களின் மண்ணையும் தாங்குகின்றன. இக்கட்டுமானக் கலையை யுனெஸ்கோ 2018 இல் கிரேக்கம் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. எனினும் ஒரு சுவர் நிலைப்பது பட்டியலால் அன்று. ஆண்டுதோறும் சரிந்த கல்லை எடுத்து வைக்க ஆள் வேண்டும். இளையோர் ஏதென்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்த பின் பல வயல்கள் கைவிடப்பட்டன; சுவர் உடைந்த இடங்களில் மண் அரித்துச் செல்கிறது, முட்புதர் வழியை மூடுகிறது. வேறு சில பாதைகளைப் புதிய சாலைகள் குறுக்கே வெட்டிவிட்டன.

முக்கிய வழிகள்

தீவின் நடுவே திராகேயா பள்ளத்தாக்கு உள்ளது. ஒலிவத் தோப்புகளால் நிறைந்த இப்பகுதியே நடக்கத் தொடங்குவோருக்கு எளிதானது. கால்கி எனும் ஊரிலிருந்து மோனி எனும் ஊருக்கு ஏறும் வழியில் பனாயியா திரோசியானி என்னும் சிறு கோயில் உள்ளது. இதன் சுவரோவியங்களில் சில கி.பி. 6 அல்லது 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வெளியே இருந்து பார்த்தால் கற்குவியல் போலத் தோன்றும் இக்கட்டடம் கிரேக்கத்தின் மிகப் பழைய கிறித்தவக் கோயில்களுள் ஒன்று ஆகும்.

சாஸ் மலைக்கு இரு வழிகள் உண்டு. அயியா மரினா சிற்றாலயத்திலிருந்து செல்வது எளிய வழி. மற்றொன்று அரியா ஊற்றிலிருந்து சாஸ் குகை வழியாகச் செங்குத்தாக ஏறுகிறது. புதிய கற்காலத்திலேயே மக்கள் இக்குகையைப் பயன்படுத்தியமைக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. எளிய வழியில் பாறை ஒன்றில் இம்மலையை மந்தைகளைக் காக்கும் சியுசுக்கு உரியதாகக் குறிக்கும் பண்டைய எழுத்துப் பொறிப்பு உள்ளது. இன்றும் அச்சரிவில் ஆடுகள் மேய்கின்றன. வழியிலுள்ள படல்களைத் திறந்து சென்றோர் மீண்டும் மூடிச் செல்வது வழக்கம்.

மெலனேஸ் அருகே பிளேரியோ பகுதியில் கி.மு. 6 ஆம் நூற்றாண்டின் முடிவுறாத பளிங்குச் சிலை ஒன்று தோட்டத்தில் கிடக்கிறது. வடகோடியில் உள்ள அப்பலோனாசில் 10 மீட்டருக்கும் மேலான நீளமுடைய மற்றொன்று வெட்டிய இடத்திலேயே விடப்பட்டுள்ளது.

குருந்தக் கல்லும் மலையூர்களும்

அபிராந்தோஸ், கொரோனோஸ் முதலிய வடகிழக்கு ஊர்களை வளர்த்தது வேளாண்மை அன்று; எமரி என்னும் கருங்கனிமம். உப்புத்தாளில் உராய்பொருளாகப் பயன்படும் இது குருந்தமும் காந்தக்கல்லும் கலந்தது. (ஆங்கிலத்தில் குருந்தத்தைக் குறிக்கும் சொல் தமிழிலிருந்தே சென்றதாகக் கூறுவர்.) இதை வெட்டும் உரிமை இவ்வூர் மக்களுக்கே இருந்தது, வெட்டியதை அரசு குறித்த விலைக்கு வாங்கிக்கொண்டது. 1920களில் சுரங்கங்களிலிருந்து கிழக்குக் கரையின் முத்சூனா துறைக்குக் கம்பிவடத் தொங்குபாதை அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு கல் கழுதைகளின் முதுகில் இதே கற்பாதைகளில் இறங்கியது.

கூலியை நம்பி வாழ்ந்த இவ்வூர்களில் விளைநிலம் குறைவு. இரண்டாம் உலகப் போரில் ஏற்றுமதி நின்றதும் 1941-42 பஞ்சத்தில் பலர் மாண்டனர். பின்னர் செயற்கை உராய்பொருள்கள் சந்தையைக் கைப்பற்றின. தொங்குபாதை 1970களின் இறுதியில் நின்றது. அதன் தூண்களும் துருப்பிடித்த தொட்டிகளும் கொரோனோசிலிருந்து லியோனாஸ் குடாவுக்கு இறங்கும் பகுதியில் இன்றும் காணப்படுகின்றன.

அபிராந்தோசின் தெருக்கள் பளிங்கு பாவியவை. ஊராரின் பேச்சு கிரீட் தீவின் வழக்கை ஒத்திருப்பதால் முன்னோர் அங்கிருந்து குடியேறியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. நெசவும், கொத்சாக்கியா எனப்படும் ஈரடிப் பாடல்களை உடனுக்குடன் புனைந்து பாடுவதும் இவ்வூரின் அடையாளங்கள். 1941 இல் ஏதென்ஸ் அக்ரோபோலிசிலிருந்து நாசிக் கொடியை இறக்கிய இருவருள் ஒருவரான மனோலிஸ் கிலெசோஸ் (1922-2020) இங்குப் பிறந்தவர். 1986 இல் ஊர்த்தலைவராகத் தேர்வான இவர், மன்றத்தின் அதிகாரங்களை ஊர்ப்பொதுக்கூட்டத்திடம் ஒப்படைத்தார். சில ஆண்டுகள் இம்முறை நடந்தது. பிறகு கூட்டத்திற்கு வருவோர் குறைந்து கைவிடப்பட்டது. 1997 ஆம் ஆண்டுச் சட்டம் மலையூர்களைத் திரிமாலியா என்னும் ஒரே நகராட்சியில் இணைத்தது. 2011 இல் அதுவும் தீவு முழுமைக்குமான நகராட்சியுடன் கலந்தது.

உணவும் விழாவும்

பசும்பால் மிகுந்த கிராவியேரா பாலாடைக்கட்டி 1996 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புப் பெற்றது. இடையர்கள் மலைமேல் மித்தாத்தோ எனப்படும் கற்குடில்களில் ஆட்டுப்பாலிலும் பாலாடைக்கட்டி செய்தனர். நாரத்தை இனத்தைச் சேர்ந்த மரத்தின் இலைகளிலிருந்து கித்ரோ எனும் மதுவகை வடிக்கப்படுகிறது. கால்கியில் 1896 இல் தொடங்கிய வடிசாலை ஒன்று இதற்குப் பெயர் பெற்றது.

ஆகத்து 15 இல் மரியன்னை விழா பிலோத்தியில் சில நாட்கள் நடைபெறும். வயலினும் லாவுத்தோ என்னும் நரம்பிசைக் கருவியும் ஒலிக்க, நகரங்களுக்குச் சென்றுவிட்டோரும் அந்நாட்களில் ஊர் திரும்பி ஆடுவர்.