தொற்றை எண்ணியவர்களும் டிக்கை எண்ணியவர்களும்

டெட்ராய்ட் நகரிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஒன்டாரியோ. இந்தப் பக்கம் அமெரிக்காவின் மிச்சிகன், அந்தப் பக்கம் கனடா. மருத்துவமனைத் தவறுகளைக் குறைக்க இரு பக்கமும் கையில் எடுத்தது ஒரு தாள் செக்லிஸ்ட்தான். மிச்சிகனில் அது உயிர்களைக் காத்தது. ஒன்டாரியோவில் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் மிச்சிகன். ஐசியூ நோயாளிக்குக் கழுத்திலோ மார்பிலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் சென்ட்ரல் லைன் என்ற டியூபைச் செலுத்துவார்கள். அதன் வழியே கிருமி புகுந்தால் நேராக ரத்தத்தில்தான் கலக்கும். இதைத் தடுக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரோனவோஸ்ட் ஐந்து விஷயங்களை எழுதினார்: கையைக் கழுவு, தோலைக் குளோர்ஹெக்ஸிடினால் துடை, தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை அணிந்து நோயாளியை முழுதாகத் துணியால் மூடு, முடிந்தவரை தொடையைத் தவிர், தேவை முடிந்ததும் டியூபை எடு. எம்.பி.பி.எஸ். மாணவருக்கே தெரிந்த சங்கதிகள்தான். ஆனாலும் 2001-இல் ஒரு மாதம் நர்ஸுகளை விட்டுக் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தது.

2004-இல் கீஸ்டோன் திட்டமாக இது மிச்சிகன் முழுதும் போனபோது, தாளோடு வேறு சிலவும் கூடவே போயின. துணி, மருந்து, கவுன் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் கட்டிலருகே வந்தன. மாஸ்க்கைத் தேடி மாடி ஏற வேண்டியதில்லை. டாக்டர் ஒரு படியைத் தாண்டினால், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், நர்ஸ் "நிறுத்துங்க டாக்டர்" என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்தியாக வேண்டும். டாக்டர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத தொழிலில் இதுதான் பெரிய மாற்றம் என்பேன், ஐந்து படிகளைவிட. எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்ற கணக்கும் மாதந்தோறும் அந்தந்த ஐசியூவுக்கே திரும்பிப் போனது. மூன்றே மாதத்தில் குறைந்தது பாதி ஐசியூக்களில் அந்தக் கணக்கு பூஜ்யம். ஆயிரம் டியூப்-நாளுக்கு (ஒரு டியூப் ஒரு நாள் உடலில் இருந்தால் ஒரு டியூப்-நாள்) சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. 103 ஐசியூக்களின் கணக்கு இது, 2006-இல் வெளியானது.

ஒன்டாரியோவின் செக்லிஸ்ட் அறுவை சிகிச்சைக்கானது. உலக சுகாதார நிறுவனத்துக்காக அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் குழு உருவாக்கிய 19 அம்சத் தாள்தான் அதன் மூலம். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்குமுன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் நின்று பேச வேண்டும். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒன்டாரியோவின் டொராண்டோவும் அந்த எட்டில் ஒன்று.

2010 ஜூலையில் ஒன்டாரியோ அரசு, செக்லிஸ்ட்டை எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்றது. எண்கள் நூறை ஒட்டி வந்தன. வராமல் என்ன செய்யும்? டிக் போடப் பேனா போதும். 101 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை டேவிட் உர்பாக் குழு அலசி, 2014-இல் முடிவை வெளியிட்டது. இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆனது, தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது இறங்கவில்லை. சிக்கல்கள் 3.86-லிருந்து 3.82.

ஒன்டாரியோவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அங்கே இறப்பு முன்பே குறைவு. இன்னும் இறக்குவது கடினம். அறிமுகத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று மாதம்தான் பார்த்தார்கள். மிச்சிகன் ஆய்விலோ ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை. டியூப் வேலை ஒருவர் கையில் முடிவது. தியேட்டரில் ஆறேழு பேர் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவையும் கழித்தாலும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது: மிச்சிகன் நோயாளிக்கு வந்த தொற்றை எண்ணியது, ஒன்டாரியோ தாளில் விழுந்த டிக்கை எண்ணியது. டிக்கை எண்ணும் இடத்தில், தியேட்டரில் யாராவது உண்மையிலேயே நின்று பேசினார்களா என்பது பதிவாகாது.

இதில் ஒரு வேடிக்கை. 2007 இறுதியில், மனிதர்கள் மீதான ஆய்வுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அலுவலகம் மிச்சிகன் திட்டத்தின் கணக்கெடுப்பை நிறுத்தவைத்தது. பலனை முறையாக எண்ணுவதால் இது ஆராய்ச்சி, ஆகவே நோயாளிகளின் சம்மதம் வேண்டும் என்பது அதன் வாதம். தாளை மட்டும் கொடுத்து எதையும் எண்ணாமல் விட்டிருந்தால் அந்த ஆட்சேபமே எழுந்திருக்காது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2008 பிப்ரவரியில் மறுபடி எண்ண அனுமதித்தார்கள்.