மழைக்குத் தைத்த சட்டை

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து நம் ஊருக்குக் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் வரும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். தடித்த சட்டை, கையுறை, முழங்காலில் ஒரு மூடி. இந்த வெயிலில் இது என்ன வேஷம் என்று நம் வயதுக்காரர்கள் கேட்பது வழக்கம். விழுந்தால் அந்த உடை எவ்வளவு காப்பாற்றும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தேட உலகத்துக்கே வெகுகாலம் பிடித்தது.

அந்த உடை முதலில் பிறந்தது விபத்துக்காக அல்ல. நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் 1928-ல் ‘பெர்ஃபெக்டோ’ என்ற தோல் சட்டையைத் தைத்து ஐந்தரை டாலருக்கு விற்றார். மார்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும் ஜிப், எதிர்க்காற்று உள்ளே புகாமல் இருப்பதற்கு. இங்கிலாந்தில் பார்பர் கம்பெனி 1936-ல் மெழுகு ஏற்றிய பருத்தித் துணியில் பந்தயக்காரர்களுக்கு ஓர் உடை செய்தது. அது மழைக்கு. சாலையில் உரசினால் எத்தனை நேரம் தாங்கும் என்று அன்று யாரும் அளக்கவில்லை. தோல் கொஞ்சம் தாங்கியது என்பது உபரி லாபம்.

தலைக்கு மட்டும் யோசனை முன்பே வந்துவிட்டது. புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலின் மருத்துவர் எரிக் கார்ட்னர், கான்வாஸ் துணியில் அரக்கு பூசிக் கெட்டியாக்கிய தலைக்கவசம் ஒன்றைச் செய்தார். 1914-ல் மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. ஆனால் பந்தயத் திடலுக்கு வெளியே யார் கேட்டார்கள்? 1935 மே 13 அன்று, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர் பெற்ற டி.ஈ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மீது மோதாமல் இருக்க வண்டியை ஒடித்துத் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து இறந்தார். வயது 46. நாம் இளவட்டமாகப் பார்த்த அந்தப் படத்தின் தொடக்கமே அந்த விபத்துதான். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். போர் தொடங்கிய பின், தபால் சுமந்து ஓடும் ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் சாவதை அவர் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதத்தில் ஓட்டுநரும் பின்னால் உட்கார்ந்தவருமாக 2279 பேர். 1941-ல் அவர் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் ராணுவம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு அந்தக் கட்டாயம் வந்தது 1973 ஜூன் மாதம். இடையில் முப்பத்திரண்டு ஆண்டு! அரசாங்கக் கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும் என்றாலும் இது அதிகம்தான்.

கழுத்துக்குக் கீழே வருவோம். விழுகிறவன் உடம்பில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, தரையில் இடிப்பது. மற்றது, தேய்ந்துகொண்டே போவது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சில் ‘ஃப்ரோத்மான்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள், உராய்வு. கூலோம் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த அதே விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவன் ஏறக்குறைய 15 மீட்டர் சறுக்குவான். இரண்டு விநாடிக்குச் சற்று மேலே ஆகும். இடிப்புக்கு வேறு கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடம்பு, வண்டி என்ன வேகத்தில் ஓடியிருந்தாலும், தரையை நோக்கி 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்து சேரும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் மெத்தை வைப்பது இதைத் தாங்கத்தான். காரிலோ கம்பத்திலோ நேராகப் போய் மோதினால் அது வேறு விஷயம். அங்கே சட்டை எதுவும் செய்யாது.

தேய்மானத்தை முறையாக அளக்க கேம்பிரிட்ஜில் ரோடரிக் வுட்ஸ் ஓர் இயந்திரம் செய்தார். ஓடிக்கொண்டிருக்கும் உப்புத்தாள் பட்டைமேல் துணித்துண்டை வைத்து, ஓட்டை விழும்வரை விநாடி எண்ணுவது. அதிலிருந்து வந்த ஐரோப்பியத் தரம், தோள், முழங்கை போன்ற முக்கிய இடங்களுக்குக் குறைந்தது 4 விநாடி, மேல்நிலைக்கு 7 விநாடி கேட்டது. சாதாரண ஜீன்ஸ் ஒரு விநாடிகூடத் தாங்காது. இவ்வளவு கடுமை எதற்கு என்று முறையீடு எழுந்தது. 2020-ல் வந்த புதுத் தரத்தில் (ஈ.என். 17092) ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஐந்து படிகள். கீழ்ப்படிகளில் நுழைவது எளிது. ‘பி’ என்றால் மெத்தை இல்லை. ‘சி’ என்றால் மெத்தை மட்டும்தான், தேய்மானத்துக்கு உத்தரவாதமே கிடையாது. ஒரு நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லை என்றால் அதற்குக் கீழே புதுப்பிரிவு ஒன்றை உண்டாக்குவது, நான் இருந்த அலுவலகத்திலும் உண்டு.

சரி, சாலையில் என்ன நடந்தது? அமெரிக்காவில் ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை தந்தது. கனத்த சட்டை, கையுறை, பூட்ஸ் மூன்றும் சிராய்ப்பையும் கிழிசலையும் நன்றாகத் தடுக்கின்றன. ஆனால் அவை உயிரை வாங்கும் காயங்கள் அல்ல என்றது. பிறகு ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் என்பவரும் குழுவினரும் விபத்தில் சிக்கிய 212 பேரைப் பார்த்து 2011-ல் எழுதினார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்த சட்டை போட்டவர் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவு. பேண்ட் போட்டவருக்கு 51. கையுறைக்கு 59! விழும்போது கை தானாகத் தரையை ஊன்றப் போகும், அதனால்தான் என்று நினைக்கிறேன். கையுறை போடுகிறவன் நிதானமாகவும் ஓட்டுவான் என்பதையும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்தி. மெத்தை இருந்தாலும் எலும்பு முறிவு குறைந்ததாகத் தெரியவில்லை. சட்டைகளில் நூற்றுக்கு முப்பது, பேண்ட்களில் இருபத்தெட்டு, கையுறைகளில் இருபத்தாறு, விபத்தில் கிழிந்து பயனற்றுப் போயின. காசு கொடுத்து, பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவை இவை. அதோடு, சாதாரண பூட்ஸ்கூட ஷூவைவிடக் காலை நன்றாகக் காத்தது. நம் ஊரில் ரப்பர் செருப்போடு ஓட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

சட்டம் செய்தவர்களில் பெல்ஜியம் முந்திக்கொண்டது. 2011 செப்டம்பர் முதல் கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், கணுக்கால் மறைக்கும் காலணி எல்லாம் அங்கே கட்டாயம். பிரான்ஸ் 2016 நவம்பர் 20 முதல் கையுறையைக் கட்டாயமாக்கியது. ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும். தரமுத்திரை இருக்க வேண்டும். தவறினால் 68 யூரோ. அத்தோடு நின்றுவிட்டார்கள், சட்டைக்கு வரவில்லை.

வெயிலில் எப்படிப் போடுவது என்ற கேள்விக்கும் பதில் தேடியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-ல் தொடங்கிய ‘மோட்டோகேப்’ திட்டத்தில், கடையில் விற்கும் உடைகளைத் தாங்களே வாங்கிச் சோதித்து நட்சத்திரம் தருகிறார்கள். காயத்துக்குத் தனி நட்சத்திரம், காற்றோட்டத்துக்குத் தனி நட்சத்திரம். பேரன் ஐரோப்பியத் தரத்துச் சட்டை வாங்கி வந்தால் விலையைக் கேட்பதற்கு முன் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்காரன் படத்துக்குப் பக்கத்தில் எத்தனை ‘ஏ’ இருக்கிறது என்று எண்ணலாம்.