உதைபந்தாட்டம் ஒரு தொழிலாகுமா?

திருகோணமலையின் ஓர்ஸ் ஹில், 1957 வரை ஆங்கிலேயக் கடற்படைத் தளமாக விளங்கிய துறைமுகத்தை அடுத்துள்ளது. குடியேற்ற ஆட்சியின் படையினரும் பாடசாலைகளும் இலங்கையிற் பரப்பிய ஆட்டங்களுள் உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் முதன்மையானவை. ஒரே வழியில் வந்த இவ்விரண்டனுள் துடுப்பாட்டம் மட்டுமே சீவனோபாயமாக வளர்ந்தமை ஆராயற்பாலது.

திறமைக்குறைவே காரணம் என்பர் சிலர். வரலாறு அதனை முற்றாக ஏற்கவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை இலங்கை உதைபந்தாட்ட அணி பெற்றது. மறு ஆண்டு லாகூரில் அவுஸ்திரேலியாவை வீழ்த்தித் துடுப்பாட்ட அணி உலகக் கிண்ணத்தைக் கொணர்ந்தது. முன்னையது பிராந்திய வெற்றி. பின்னையது உலக வெற்றி. ஆயினும் வேறுபாடு அவ்வளவில் நிற்கவில்லை. 1981இலேயே டெஸ்ட் தகுதி பெற்றிருந்த துடுப்பாட்டம், பன்னாட்டுத் தொடர்களாலும் ஒளிபரப்பு வருவாயாலும் அவ்வெற்றியை ஊதியமாக மாற்றவல்லதாயிற்று. உதைபந்தாட்டத்திற்கு அத்தகைய அடித்தளம் வாய்க்கவில்லை. 2023 சனவரி முதல் ஆகஸ்ட் வரை பீஃபா இலங்கையை இடைநிறுத்தியமை நிருவாகச் சீர்கேட்டின் உச்சமாகும்.

அமெரிக்க அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1975இல் பீலே நியூயோர்க் கொஸ்மொஸ் அணியிற் சேர்ந்தும், வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக் வருவாயை மீறிய செலவால் 1984உடன் மறைந்தது. 1996இல் தொடங்கிய மேஜர் லீக் சொக்கரோ ஊதியத்திற்கு வரம்பிட்டு நிலைத்தது. அங்கும் பேஸ்போல் முதலிய ஆட்டங்களை அது வென்றுவிடவில்லை. ஆனால், அவற்றின் அருகே வீரர் வாழ இடங்கண்டது.

ஆகவே, துடுப்பாட்டத்தை வெல்வது இலங்கை உதைபந்தாட்டத்தின் முதற் பணியன்று. ஒழுங்கான லீக்கும் நேர்மையான நிருவாகமும் தவறாத ஊதியமும் அமைதல் வேண்டும். அவை அமையாதவரை, ஓர்ஸ் ஹில் இளைஞனின் கால்வன்மை மாலைப்பொழுதின் மகிழ்ச்சியாகவே முடியும்.