இருக்குமிடம் தெரியாத பெண்பிள்ளைகள்

'ஆட்டிசம்' என்னும் சொல் இன்று நம் பங்குகளில் ஓரளவு பழக்கமாகிவிட்டது. கிரேக்க மொழியில் 'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற வேர்ச்சொல்லிலிருந்து சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர் அதனை உருவாக்கினார். 1911-இல் வெளிவந்த அவரது நூலில் அச்சொல், மனச்சிதைவுற்றோர் தமக்குள்ளே ஒடுங்கிவிடும் நிலையைக் குறித்தது. தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்கின்றனர். 'புற உலகச் சிந்தனையின்மை' என்றும் எழுதுகின்றனர். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. மின்விசிறியின் இரைச்சலையும் குக்கரின் விசில் ஒலியையும் தாங்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? புற உலகம் அக்குழந்தைக்குள் அளவுக்கு மிஞ்சி நுழைந்துவிடுகிறது என்பதல்லவா உண்மை? எனவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இது நோயன்று, வளர்ப்பினால் வருவதுமன்று. மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் வேறுபாடு. வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். நாம் பிறருடைய கண்ணசைவிலும் முகச்சுளிப்பிலும் எளிதில் படித்துக்கொள்ளும் அந்தக் குறிப்பு, இவர்களுக்கு முயன்று கற்க வேண்டிய அயல்மொழி போன்றது. மாறாத ஒழுங்கை நாடுவதும், ஒரே பொருளில் ஆழ்ந்துவிடுவதும், ஒலியோ ஒளியோ தொடுதலோ மிகும்போது நிலைகுலைவதும் இவர்களிடம் காணப்படும். சிலர் பேசுவதேயில்லை. சிலர் இலக்கணச் சுத்தமாகப் பேசுவர். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே எத்தனையோ படிகள் உண்டு. இச்சொல்லின் வரலாற்றைப் படிக்குந்தோறும் ஒரு கேள்வி எழுகிறது: பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்?

அவர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகம் அறிந்துகொண்டது அதன் வழியாகத்தான். அவர்களுள் எண்மர் ஆண்கள், மூவர் பெண்கள். முதலாவதாகக் குறிக்கப்பட்ட மிசிசிப்பி மாநிலச் சிறுவன் டொனால்ட், சில ஆண்டுகள் ஓர் உழவர் குடும்பத்தோடு தங்கினான். எதையும் அளந்துகொண்டே இருந்த அவனை அவர்கள் கிணறு தோண்டச் செய்து, ஆழம் எவ்வளவு என்று கேட்டார்கள். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணியவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றிராத அந்த உழவரின் கல்விமுறையை இன்றும் நான் வியக்கிறேன். டொனால்ட் பின்னர் வங்கியில் பணிசெய்து, சொந்த ஊரிலேயே வாழ்ந்து, 2023-இல் தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

அம்மூன்று பெண்கள் என்னவானார்கள்? 1971-இல் கானர் அப்பதினொருவரையும் மீண்டும் தேடி எழுதினார். மூன்று பெண்களுமே அரசுக் காப்பகங்களில் இருந்தனர். ஆண்களிலும் சிலருக்கு அக்கதி நேர்ந்தது உண்மையே. ஆயினும் ஏர்பிடித்து எண்ணும் வாய்ப்பு அம்மூவரில் ஒருத்திக்கும் கிட்டவில்லை.

கானருக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே, 1925-இல், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதிய குறிப்புகள் இன்றைய ஆட்டிச வரையறையோடு வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகின்றன. அவர் அத்தோடு நிற்கவில்லை. 1927-இல் பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே எழுதி, இரு பாலரிடமும் தோற்றம் ஒன்றுபோல் இல்லை என்பதை எடுத்துக்காட்டினார். சிறுவர்களைப் பற்றிய கட்டுரை 1996-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. சிறுமிகளைப் பற்றியது 2020-இல்தான் வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு!

வியன்னா நகர மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரைப் பற்றி நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில் அவர் நம்மவர், பற்றுறுதியுள்ள கத்தோலிக்கர். 1944-இல் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதிய அவர், இந்நிலையை ஆண் அறிவின் ஒரு தீவிர வடிவமாகக் கருதினார். முழுமையாக இவ்வாறுள்ள சிறுமியைத் தாம் கண்டதில்லை என்றார். அக்குழந்தைகளின் தாயர் சிலரிடம் இதே சாயலைக் கண்டதாகவும் குறித்தார். கண்ணெதிரே நின்ற அத்தாயரும் ஒருகாலத்தில் சிறுமியராய் இருந்தவர்கள்தாமே!

அவரது வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. ஹெர்விக் செக் என்ற ஆஸ்திரிய வரலாற்றாய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆவணங்களின்படி, 1941 ஜூன் மாதம் மூன்று வயது நிரம்பாத, மூளைக்காய்ச்சலால் ஊனமுற்ற ஒரு சிறுமியை ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தவர் ஆஸ்பெர்கரே. நாஜி ஆட்சியில் 789 குழந்தைகள் உயிரிழந்த இடம் அது. செப்டம்பரில் அச்சிறுமியும் இறந்தாள். அதே கோடையில், ஆகஸ்டு 3 அன்று, ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் ஆயர் ஃபான் காலன் மறையுரை மேடையில் நின்று, பயனற்றவர்கள் என்று முத்திரை குத்தி நோயாளிகளைக் கொல்வது கொலையே என்று வெளிப்படையாக முழங்கினார். 2005-இல் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. ஒரே நம்பிக்கை, ஒரே கோடை, இரு மனிதர்கள்.

பின்வந்த பத்தாண்டுகளில் அறிஞர் உலகம் தாயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அன்பற்ற, குளிர்ந்த தாயினால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்றனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் இக்கருத்தைப் பரப்பியது. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, மரபணுவின் பங்கே பெரிது எனக் காட்டிய பின்னரே இப்பழி தளர்ந்தது. நம் ஊர்களில் இன்னும் தளரவில்லை. மாமியார் வாயில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. தாயாகப் பழி சுமந்த பெண், மகளாகக் கணக்கிலேயே இல்லை.

கணக்கைத் திருத்தியவர்களுள் முதன்மையானவர் லண்டன் மருத்துவர் லோர்னா விங். அவருடைய ஒரே மகள் ஆட்டிச நிலையினள். ஆஸ்பெர்கரின் மறக்கப்பட்ட கட்டுரையை 1981-இல் உலகுக்கு எடுத்துரைத்த அவர், சிறுமியர் மேலோட்டமாகப் பார்க்கையில் சிறுவரைவிடப் பழகுபவர்போல் தோன்றுவர், உற்றுநோக்கினால் அதே இடர்ப்பாடுகள் தெரியும் என்றும் எழுதினார். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று நெடுநாள் ஓதப்பட்ட விகிதம், 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று என்ற அளவை நெருங்கியது. அக்கம்பக்கத்துச் சிறுமிகளைப் பார்த்துச் சிரிப்பையும் பேச்சையும் நடித்துப் பழகி, பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் களைத்து அழுது தீர்க்கும் பெண்கள் பலர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இங்கே திருநகரில், மூன்றாவது பஸ் நிறுத்தத்துக்கு இப்பாலும் அப்பாலும், நான் அடிக்கடி கேட்கும் புகழுரை ஒன்று உண்டு: "சாமி, எங்க பாப்பா இருக்கிற இடமே தெரியாது!" பெண்பிள்ளைக்கு மதுரைச் சீமையில் இதைவிடப் பெரிய நற்சான்று இல்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கு குணங்களைப் பெண்ணுக்கு அணிகலனாக்கிய மரபு நமது. எவர் முகத்தையும் நோக்காத ஆண்பிள்ளையை ஐந்து வயதில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே பெண்பிள்ளையை அடக்கமானவள் என்று உச்சி முகர்கிறோம். புதுநன்மை வகுப்பில் இருக்கையைவிட்டு ஓடும் சிறுவனைப் பற்றி மறைக்கல்வி ஆசிரியை என்னிடம் முறையிடுவார். வினாவிடையை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்புவித்து, இடைவேளையில் சுவரோரம் தனித்து நிற்கும் சிறுமிக்கோ பரிசு கிடைக்கும். பரிசு கொடுக்கட்டும், இடைவேளையையும் யாரேனும் பார்க்கட்டும்.

மணப்பருவம் வந்ததும் அந்த அடக்கமே குற்றமாக மாறுகிறது. புகுந்த வீட்டின் புதிய ஒலிகளும் புதிய ஒழுங்கும் சேர்ந்து நெருக்க, அவள் ஒருநாள் பேச்சிழந்து உறைகிறாள், அல்லது அலறுகிறாள். உடனே திமிர் என்பார்கள், பேய் என்பார்கள். புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்துக்கு மனநோயுற்றோரை அழைத்துவருவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். அங்கு வேண்டுவதை நான் குறை கூறேன். ஆனால் மருத்துவர் பார்க்குமுன் பேயோட்டுபவர் பார்ப்பதை ஏற்பதற்கில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அவர்களுக்கு என்னென்ன பெயருள்ள நிலைகள் இருந்தன என்று அச்சங்கிலிகள் கேட்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் மெல்லத்தான் கண் திறந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகையினரைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் முதன்முறை இடம்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதற்கெனத் தனிக் கட்டம் கிடையாது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றபோது ஆட்டிசமும் முழு உரிமை பெற்றது. இவ்வுரிமையை வாங்கித்தந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. 1991-இல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஒரு மகனின் தாய்.

இன்று சான்றிதழ் வேண்டுவோரை மருத்துவக் குழு 'ஐசா' எனப்படும் இந்திய மதிப்பீட்டு அளவுகோலால் ஆராய்கிறது. அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். குழந்தையை நேரில் கவனித்தும் பெற்றோரை வினவியும் அதனை நிரப்புவார்கள். முதற்கூறே, கண்ணோடு கண் நோக்குவது குறைவா என்பதுதான். மகனுடைய தாய் அதற்குக் கலங்கி விடை சொல்வாள். மகளுடைய தாய், அந்த அறைவரை வந்து சேர்ந்தாளானால், "பொம்பளப்பிள்ளை தானே சார், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது" என்பாள், சற்றே பெருமையோடு.