பிடிலும் அதன் விலையும்: கோட்டை பாண்டு முதல் மின்வயலின் வரை

அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ் சுவர்களைப் பற்றி நம் அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். அப்படியிருக்க, என் பேத்தி வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்த மூன்றாம் மாதம் மேல்வீட்டு நெல்லைக்காரர் படியிறங்கி வந்தார். "அண்ணாச்சி, பாப்பா நல்லாத்தான் வாசிக்கா. ஆனா நைட் டூட்டி முடிஞ்சு காலையில வந்து படுக்கிறேன், சரளி வரிசை தலைக்குள்ளேயே ஓடுது" என்றார். சண்டை போட வந்தவர் இல்லை. அதனால்தான் சங்கடம் அதிகமாயிற்று. பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குக் காலையை விட்டால் ராத்திரிதான். ராத்திரியும் முடியாது என்றால் கற்பதையே நிறுத்த வேண்டியதுதான். இந்த நெருக்கடியில்தான் மின்வயலின் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தபின் அதன் பூர்வோத்தரங்களைத் தேடிப் படித்ததில் கிடைத்ததையும், கையைச் சுட்டுக்கொண்டதில் கிடைத்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

"வயலினுக்கு மின்சாரமா, சம்பிரதாயம் என்னாவது?" என்று கேட்பவர்கள், வயலினே நம் சம்பிரதாயத்துக்கு எப்போது வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), மணலி சின்னையா முதலியாரின் ஆதரவில் சென்னையில் இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்தியக்காரர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். அதாவது நாம் இன்று பக்தியோடு கேட்கும் வாத்தியம், கும்பினிக்காரன் அணிவகுப்பின் பக்கத்திலிருந்து நம் கூடத்துக்கு வந்தது. இடமாகப் பார்த்தால் சில மைல்தான்; மனசாகப் பார்த்தால் வெகு தூரம். பிடித்துக்கொள்ளும் முறையை மாற்றினோம், சுருதி கூட்டும் முறையை மாற்றினோம். தோளில் நிமிர்ந்து நின்ற பிடிலைச் சப்பணமிட்டு உட்காரவைத்து, அதன் சுருள்தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்துக்கொண்டோம். இந்தக் கணுக்கால் விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்த தலைமுறையிலேயே விலை என்ற பேச்சும் வந்துவிட்டது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு திருவனந்தபுரம் சென்று சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் இருந்தபோது, 1834-ல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பாண்டு பிடில் நுழைந்து ஒரு ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் தந்தப் பிடில்! தந்தம் மரத்தைவிட நன்றாக ஒலிக்கும் என்பதற்காக அது செய்யப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அது வித்துவானுக்குச் செய்த மரியாதை. வாத்தியத்தின் விலையில் நாதத்துக்குப் போவது எவ்வளவு, மரியாதைக்குப் போவது எவ்வளவு என்ற கணக்கு அன்றே குழம்பிவிட்டது. இன்று கடைக் கண்ணாடிக்குள் பளபளக்கும் மின்வயலினைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் குழப்பம்தான் ஞாபகம் வருகிறது.

நாதத்தைப் பிரித்துப் பார்த்துச் சொன்னவர் ஒரு தமிழர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சர் சி. வி. இராமன் ஒளிச்சிதறலுக்கு வருமுன், கல்கத்தாவில் கணக்கு இலாகா உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மாலை வேளைகளில் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் வில்லும் தந்தியுமாக இருந்தவர். அவர் தகப்பனார் வயலின் வாசிப்பவர். வயலின் குடும்ப வாத்தியங்களில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் அடங்காமல் உறுமும். மேல்நாட்டில் அதை 'ஓநாய் ஸ்வரம்' என்பார்கள். அதைப் பற்றி இராமன் 1916-ல் எழுதினார். 1918-ல் வில்லால் இழுக்கப்படும் தந்தியின் அதிர்வு பற்றி ஒரு முழு நூலளவு ஆராய்ச்சியே வெளியிட்டார். ஏன் இங்கே இதைச் சொல்கிறேன் என்றால், மலிவு, விலை உயர்ந்தது என்ற வாக்குவாதம் முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. தந்தி ஒட்டிக்கொண்டு வருகிறது. பிறகு சட்டென்று வழுக்கித் திரும்புகிறது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. குதிரையின் மேல் விழும் விசையை வரைந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ரம்பத்தைக் காது விரும்புமா? அதை இழைத்து மெருகேற்றுவது மரப்பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றும், மேல் பலகையும் கீழ்ப் பலகையும், சில ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுத்து சிலவற்றை அடக்கும். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, கட்டைமேல் தந்தி கட்டினால் ஓநாய் ஓடிப்போகும். கூடவே வயலினின் முகமும் போய்விடும். மின்வயலின் செய்கிறவன் அந்த முகத்தை மின்சாரத்தால் திரும்ப வரைய வேண்டும்.

இந்த முயற்சி புதிசல்ல. அமெரிக்காவில் 1930-களிலேயே மின்வயலின்கள் செய்துபார்த்தார்கள். ஃபெண்டர் கம்பெனி 1958-ல் ஒன்றைக் கொண்டுவந்தது, நிலைக்கவில்லை. நம்மவர் கதை 1980-ல் வருகிறது. யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்து, 1958 கலவரத்துக்குப் பின் சென்னை திரும்பிய வி. லட்சுமிநாராயணாவின் மக்கள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் வயலின் வித்துவான்கள். இளையவரான எல். சங்கர், நம் பம்பாய்க்காரரான ஜாகிர் உசேனோடும் விக்கு விநாயகராமோடும் 'சக்தி' குழுவில் வாசித்தவர். அவர் யோசனைப்படி கென் பார்க்கர் என்ற கிட்டார் தயாரிப்பாளர் இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள மின்வயலின் ஒன்றைச் செய்து கொடுத்தார். மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியில் பெரிய டபுள் பேஸ் முதல் வயலின் வரை நான்கு வாத்தியங்கள் எட்டும் ஸ்தாயி எல்லாம் அதில் ஒரே மடியில் கிடைத்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறுவனாக மின்மாண்டலினோடு மேடையேறிக் கச்சேரி உலகத்தைத் திகைக்கவைத்ததும் அதே பத்தாண்டில்தான். சங்கரின் வாத்தியம் ஒருவருக்காக அளந்து செய்தது. விலை பேசிப் பயனில்லை. குடும்பஸ்தர் வீட்டுக்கு மின்வயலின் வர வழி திறந்தது 1997-ல், யமாஹா 'சைலண்ட் வயலின்' என்று ஹெட்போன் மாட்டி வாசிக்கும் ஒன்றை விற்க ஆரம்பித்தபோது. சுவர் மெல்லிசாக இருப்பது ஜப்பானிலும் உண்டு போலும்!

இனி எங்கள் கதை. நான் முதலில் வாங்கியது பத்தாயிரத்துக்கு உட்பட்டது. கடையின் பெயர் வேண்டாம். பார்க்க ஜம்மென்று இருந்தது. பேட்டரி போட்டு ஹெட்போன் மாட்டினால் தம்புரா வேண்டாம், அதுவே 'ம்ம்ம்' என்று சுருதி போட்டது. ஐம்பது சைக்கிள் கரண்டின் சுருதி! டிராம்பேயில் முப்பது வருஷம் எலெக்ட்ரானிக்ஸில் கழித்தவனுக்கு அது பழைய எதிரி. பின்மூடியைத் திறந்தால் உள்ளே கவசம் என்று ஒன்றுமே இல்லை. தாமிரத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்ததும் சத்தம் அடங்கியது.

ஆனால் ஒலி மெலிந்தே இருந்தது. அதற்குக் காரணம் வேறு. வயலின் குதிரைக்கடியில் வைப்பது பீசோ வில்லை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தக் குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். அந்த வில்லை ஒரு சின்னக் கப்பாசிட்டர் மாதிரி. ஆயிரம் பைக்கோஃபாரட் என்று வையுங்கள். அதைப் பத்தாயிரம் ஓம் உள்ள சாதாரண மிக்ஸரில் நேராகச் சொருகினால், 16,000 சைக்கிளுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். பத்து மெகாஓம் கொடுத்தால் 16 சைக்கிள் வரை இறங்கும். மேல்நாட்டு முறையிலேயே வயலினின் கீழ்த்தந்தி 196 சைக்கிள். ஆண் குரலுக்காக நம்மவர்கள் அதற்கும் கீழே இறக்குகிறார்கள். ஆகவே பக்கத்திலேயே நல்ல ப்ரீ-ஆம்ப்ளிஃபையர் இல்லாவிட்டால் மந்தர ஸ்தாயி காணாமல் போவது நிச்சயம். சபா மேடைகளில் வில்லை ஒட்டிய வயலின் 'கீச்' என்று கேட்டால் நாம் வித்துவானைக் குறை சொல்கிறோம். பல சமயம் குற்றவாளி இடையில் உள்ள ஒரு ஜாக்.

இதுவரை சரிசெய்ய முடிந்தது. முடியாதது விரல்பலகை. நல்ல வாத்தியத்தில் அது கருங்காலி. இதில் ஏதோ வெள்ளை மரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட். கமகம் வாசிக்க நம்மவர்கள் விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வது தெரியுமல்லவா? இரண்டு மாதத்தில் பேத்தியின் விரல்நுனி கறுப்பு, பலகையில் வெள்ளைத் திட்டு! பிரடையும் நழுவியது. தோடி வாசிப்பதற்குள் சுருதி வேறு ராகத்துக்குப் போய்விடும். "தாத்தா, இது என் மேல கோவமா இருக்கு" என்றாள். ஒரு வாரம் தொடவேயில்லை. எனக்குத் திக்கென்றது. பணம் போனது பெரிசில்லை, காது கெட்டு மனசும் விட்டுப்போனால் என்ன செய்வது?

அப்புறம் பிள்ளை போனஸ் பணத்தில் வாங்கியது ஏழு மடங்கு விலை. பிரடை நிற்கிறது, பலகை கருங்காலி, பீசோ மெருகாகக் கேட்கிறது, மரப்பெட்டியின் முகத்தை எலெக்ட்ரானிக்ஸ் ஓரளவு வரைந்து காட்டுகிறது. ஏழு மடங்கு நல்லதா என்றால் இல்லை. இரண்டு மடங்கு என்பேன். விலையில் கணிசமான பகுதி பெயருக்கும் வடிவத்துக்கும் போகிறது, தந்தப் பிடில் மாதிரி. இன்னும் விலை கூடிய சிலவற்றில் அழகுக்காகச் சுருள்தலையையே எடுத்துவிட்டிருக்கிறான். சப்பணமிட்டு உட்கார்ந்தால் கணுக்காலில் எதைச் சாய்ப்பது? லட்ச ரூபாய் கொடுத்தும் நம் உட்காருகைக்கு ஒவ்வாது. கடைக்குப் போகிறவர்கள் தரையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கையில் காசு குறைவென்றால், நல்ல மரவயலின் ஒன்றை வாங்கி, ஒட்டும் பீசோவும் நல்ல ப்ரீ-ஆம்ப்ளிஃபையரும் தனியாகச் சேர்ப்பது, மலிவு மின்வயலினைவிட எவ்வளவோ மேல். ராத்திரிச் சத்தத்துக்கு மட்டும் அது வழி சொல்லாது.

பழைய மலிவு வயலின் அலமாரி மேல் இருக்கிறது. பலகையை எடுத்துவிட்டுக் கருங்காலித் துண்டு ஒட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேல்வீட்டு நெல்லைக்காரர் போன வாரம் படியில் நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, பாப்பா வயலினை விட்டுட்டாளா? சத்தமே காணோம்?" என்று விசாரித்தார்.